பாராசூட் வீரனின் கால்சட்டையா, பக்கத்து வீட்டுக்காரரின் கால்சட்டையா?

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியச் சீருடைகளில் மேற்சட்டையையும் தொப்பியையும் அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. சட்டைக் கழுத்தில் பதவிச் சின்னம் இருக்கும். தொப்பியில் தரைப்படைக்கு நட்சத்திரம், கடற்படைக்கு நங்கூரம். கால்சட்டைதான் தொல்லை. அதில் சின்னம் கிடையாது, பதவி கிடையாது, பல நேரம் பெயர்கூடக் கிடையாது. வழக்கமான வெட்டிலிருந்து கொஞ்சம் விலகிய ஒன்று ஏலத்துக்கு வந்துவிட்டால் அதற்கு என்ன கதை வேண்டுமானாலும் சொல்லலாம். அதிகம் காதில் விழும் கதை “பாராசூட் படை, மிக அரியது” என்பதுதான். விலையும் அதற்கேற்ப ஏறிவிடும்.

பேச்சுக்கு ஒரு கால்சட்டையை எடுத்துக்கொள்வோம். பச்சை கலந்த காக்கிப் பருத்தித் துணி. இடுப்பில் பெல்ட் நுழைக்கும் வளையங்கள். கணுக்கால் பக்கம் குறுகி, பொத்தான் போட்டு இறுக்கும் வசதி. வலது தொடையில் வெளியே ஒட்டித் தைத்த ஒரு பெரிய பை. முத்திரை எதுவும் இல்லை. பொத்தான்களில் நாலு ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி. இதை வாங்கலாமா? வாங்கினால் என்ன விலைக்கு? சேகரிப்பில் வைக்கும்போது சீட்டில் என்ன பெயர் எழுதுவது? இதற்கெல்லாம் பதில் வேண்டுமென்றால் இருக்கிற வாய்ப்புகளை ஒவ்வொன்றாக அந்தக் கால்சட்டையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். துணி, இடுப்பு, கணுக்கால், பை, முத்திரையின்மை என்று அதன் எல்லா வினோதங்களுக்கும் எந்த வாய்ப்பு காரணம் சொல்கிறது என்பதுதான் பரீட்சை. ஒரே ஒரு வினோதத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றைக் கண்டுகொள்ளாத வாய்ப்பை நம்பக் கூடாது.

முதலில், வழக்கமானது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது எது என்று சொல்ல முடியும். தரைப்படைச் சிப்பாய்க்கு 1938இல் வந்த 98ஆம் வகைச் சீருடைதான் போர்க்காலம் முழுவதற்கும் அடிப்படை. ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 1938 என்பது 2598. அதன் கடைசி இலக்கங்கள்தான் வகை எண். 1943, அதாவது 2603இல் வந்த சிக்கனச் சீருடை இதே கணக்கில் 3ஆம் வகை ஆனது. சிப்பாயின் கால்சட்டைக்கு இடுப்பில் பெல்ட் வளையம் இல்லை. துணியோடு சேர்த்துத் தைத்த நாடாக்களை முன்னால் இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். முழங்காலுக்குக் கீழே குறுகிப் போகும் கால், கணுக்காலில் மறுபடியும் நாடா. அதற்கு மேல் துணிப்பட்டியைச் சுற்றி, பட்டியின் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார்கள். குளிர்காலத்துக்குக் கம்பளி, கோடைக்குப் பருத்தி. உள்பக்கம் கறுப்பு மையில் கிடங்கு முத்திரை.

நம் கால்சட்டை இடுப்பிலும் விலகுகிறது, கணுக்காலிலும் விலகுகிறது, பையிலும் விலகுகிறது. ஆகவே சிப்பாய்க்கு வழங்கப்பட்ட சாதாரணக் கால்சட்டை இல்லை. இதுவரைக்கும் விற்பவர் சொல்வது சரி. அங்கிருந்து நேரே பாராசூட்டுக்குத் தாவுவதுதான் சிக்கல்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 98ஆம் வகைப் பருத்தியிலேயே கடுகு மஞ்சள் தொடங்கி அடர் பச்சை வரை எல்லாம் உண்டு. வெயிலிலும் சலவையிலும் வெளுத்துக் கிட்டத்தட்ட வெள்ளையாகிப் போனவையும் உண்டு.

சரி, பாராசூட் படை. கடற்படையின் பாராசூட் வீரர்கள் 1942 ஜனவரி 11 அன்று செலிபஸ் தீவின் மெனாடோவிலும், பிப்ரவரியில் திமோரின் குபாங்கிலும் குதித்தார்கள். தரைப்படை வீரர்கள் 1942 பிப்ரவரி 14 அன்று சுமத்ராவின் பாலெம்பாங்கில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளைப் பிடிப்பதற்காக இறங்கினார்கள். பெரிய பைகள் வைத்த சிறப்பு உடை இவர்களில் கடற்படைக்காரர்களிடம் இருந்தது உண்மை. ஆனால் இந்த ஒவ்வொரு தாக்குதலிலும் குதித்தவர்கள் சில நூறு பேர்தான். இன்னொரு பக்கம், 1945இல் போர் முடிந்தபோது தரைப்படையில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சீருடை போலவே உடுத்த வேண்டியிருந்த குடிமக்கள் அதைவிடப் பல மடங்கு. கையில் கிடைத்த கால்சட்டை இந்தச் சில நூறிலிருந்து வந்தது என்று ஏற்க வேண்டுமானால், தொடையில் ஒரு பை இருப்பது மட்டும் போதவே போதாது. அந்தப் பை துணி வெட்டும்போதே திட்டமிட்டு வைத்ததா, பிறகு ஒட்டியதா என்பதையாவது பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பது எளிது. கால்சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். தொழிற்கூடத்தில் பை வைத்திருந்தால், பக்கத் தையலை மூடுவதற்கு முன் தட்டையான துணியில் வைத்துத் தைத்திருப்பார்கள். பையின் ஓரம் பக்கத் தையலுக்குள் போய் மாட்டியிருக்கும், அல்லது தையல் வரிசை எந்த நெளிவும் இல்லாமல் நேராக ஓடும். முடிந்துபோன கால்சட்டையில் பிறகு வைத்த பை என்றால், குழாய் மாதிரி இருக்கும் காலுக்குள் கையை விட்டுத் தைத்திருப்பார்கள். அதனால் மூலைகளில் தையல் தடுமாறும். நூலின் நிறமும் தடிமனும் மற்ற தையல்களோடு ஒத்துப்போகாது. எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி, பையின் வாயை விரித்து அதற்குள் மறைந்திருக்கும் கால் துணியைப் பார்ப்பது. முதலிலிருந்தே மறைந்திருந்த துணி வெளுக்காமல் அடர்ந்த நிறத்தில் இருக்கும். அதுவும் வெளியே இருப்பது போலவே வெளுத்திருந்தால், பை பின்னால் வந்தது.

பாராசூட்டை ஒதுக்கினால் விமானப் படையைச் சொல்வார்கள். தரைப்படை விமானிகளின் உடை பெரும்பாலும் ஒரே துண்டு. டாங்கிக்காரர்களின் வேலை உடையும் அப்படித்தான். ஒரே துண்டை இடுப்பில் வெட்டிக் கால்சட்டை ஆக்கியிருந்தால் இடுப்புப் பட்டை வேறு துணியில் இருக்கும், உடனே தெரிந்துவிடும். மஞ்சூரியாக் குளிருக்கான உள்ளே பஞ்சோ ரோமமோ வைத்த மேல்கால்சட்டை, விஷவாயுவுக்கு எதிரான ரப்பர் பூசிய கால்சட்டை ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்தாலே அடையாளம் தெரியும். நம்முடையது இவற்றில் எதுவும் இல்லை.

கடற்படையை அவ்வளவு சீக்கிரம் தள்ள முடியாது. அவர்களின் தரையிறங்கும் படைக்குப் பச்சை நிறச் சீருடை இருந்தது. 1944இல் அதையே கடற்படை முழுவதற்கும் மூன்றாம் வகைச் சீருடையாக ஆக்கினார்கள் (தரைப்படையின் 3ஆம் வகை வேறு, இது வேறு). போரின் கடைசிக் காலத்தில் கப்பலே இல்லாத கப்பற்படைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கரையில் நின்றார்கள், எல்லோருக்கும் பச்சை உடை. ஆனால் கடற்படைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, உடையில் எழுதி வைப்பது. நங்கூரம் போட்ட முத்திரை இருக்கும். அப்புறம் ஆளின் பதிவு எண். அந்த எண்ணின் முதல் எழுத்து யோகோசுகா, குரே, சசேபோ, மைசுரு ஆகிய துறைமுகங்களில் எது என்று சொல்லும். இரண்டாவது எழுத்து அவர் தானாகச் சேர்ந்தவரா, கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவரா என்று சொல்லும். மூன்றாவது அவர் மாலுமியா, இயந்திரப் பிரிவா என்று சொல்லும். இவ்வளவு விவரமும் இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். எனக்கு ஜப்பானியச் சீருடைகளில் மிகப் பிடித்த இடம் இதுதான். நம் கால்சட்டையில் அப்படி ஒரு மைக்கறைகூட இல்லையென்றால், கடற்படை வாய்ப்பு பாதியாகக் குறைகிறது. பாதி என்று சொல்வதற்குக் காரணம், பல முறை துவைத்த துணியில் மை போய்விடும் என்பது. சந்தேகம் இருந்தால் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள், புற ஊதா விளக்கிலும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மை சில நேரம் அதில் நிழலாகத் தெரியும்.

தரைப்படை முத்திரையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரைப்படைக்கு டோக்கியோவில் தலைமை ஆடைக் கிடங்கு, ஒசாகாவிலும் ஹிரோஷிமாவிலும் கிளைகள். முத்திரையில் கிடங்கின் எழுத்து, ஷோவா ஆண்டு (அப்போதைய பேரரசரின் ஆட்சியாண்டு), அளவு மூன்றும் வரும். ஷோவா ஆண்டோடு 25ஐக் கூட்டினால் நம் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் கிடைக்கும். ஷோவா 18 என்றால் 1943. (ஹிரோஷிமாக் கிடங்கின் நான்கு கட்டடங்கள் அணுகுண்டுக்குத் தப்பி இன்றும் நிற்கின்றன. குண்டு விழுந்த அன்று அவை காயம்பட்டவர்களைக் கிடத்தும் இடமாகின. 2024இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டன.) சில உடைகளில் படைப்பிரிவின் மறைபெயரும் இருக்கும், ஒரே ஒரு சித்திர எழுத்தும் சில எண்களும். கொஹிமாவில் சண்டையிட்ட 31ஆம் டிவிஷனுக்கு ‘ரெட்சு’, இம்பாலை நோக்கி வந்த 15ஆம் டிவிஷனுக்கு ‘மட்சுரி’, 33ஆம் டிவிஷனுக்கு ‘யுமி’. அப்படிப்பட்ட ஒன்று கிடைத்தால், வெட்டு எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், இந்திய வரலாற்றுக்கு நேரடித் தொடர்புள்ள பொருள் அது. பாராசூட் கதையைவிட அதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆனால் அங்கேதான் போலி முத்திரையும் வந்து விழும். பளிச்சென்று, ஓரம் கசியாமல், நேற்று அடித்தது போல இருக்கும் முத்திரையைச் சந்தேகப்படுங்கள்.

இனி உண்மையான போட்டியாளர்கள் இரண்டு பேர். முதலாவது, அதிகாரியின் சொந்தத் தையல்.

ஜப்பானிய அதிகாரிகளுக்கு அரசு உடை கொடுக்கவில்லை. அவர்கள் தங்கள் காசில் வாங்க வேண்டும். தரைப்படை அதிகாரிகளுக்கு கைகோஷா என்ற சங்கமும், கடற்படை அதிகாரிகளுக்கு சுய்கோஷாவும் கடை வைத்திருந்தன. ஊர்த் தையற்காரரிடமும் தைத்துக்கொள்ளலாம். அதிகாரி போன இடத்தில் கிடைத்த துணி, அந்த ஊர்த் தையற்காரரின் கைப்பழக்கம், அவர் தொந்தி, அவர் விருப்பம் எல்லாம் கால்சட்டையில் ஏறிவிடும். முத்திரை இல்லாமல் போவது இங்கே இயல்பு. பெல்ட் வளையம், பொத்தான் போட்ட கணுக்கால், நீள்பூட்ஸுக்குள் நுழையக் குறுகிய கால் எல்லாமே பொருந்தும். ஆனால் அதிகாரியின் காசுக்கு ஒரு தரம் இருக்கும். இடுப்புப் பட்டைக்கு உள்ளே நல்ல உள்துணி வைத்திருப்பார்கள், பைகளின் உட்புறத் துணி கெட்டியாக இருக்கும், பொத்தான் துளைகள் நெருக்கமாகக் கையால் முடித்திருக்கும். தொடைக்கு மேல் பக்கவாட்டில் கொஞ்சம் புடைத்து, முழங்காலுக்குக் கீழே சட்டென்று ஒட்டிப்போகும் குதிரைச் சவாரி வெட்டு இருந்தால் அதிகாரி அல்லது குதிரைப் பிரிவு என்று ஏறக்குறைய உறுதி. உள்தொடையில் இரட்டைத் துணியோ தோலோ வைத்திருந்தால் குதிரைப் பிரிவு.

இரண்டாவது போட்டியாளரைத்தான் ஏலக்காரர்கள் வேண்டுமென்றே மறந்துவிடுகிறார்கள். அது கொகுமின்ஃபுகு, குடிமக்களின் தேசிய உடை.

1940 நவம்பரில் அரசாணை மூலம் வந்த ஆண்களுக்கான சீருடை இது. நிறம் இராணுவக் காக்கியேதான், ‘தேசப் பாதுகாப்பு நிறம்’ என்றே அதற்குப் பெயர். தேவைப்பட்டால் இதையே படையிலும் போட்டுக்கொள்ளலாம் என்பதும் திட்டத்தில் ஒரு பகுதி. அலுவலகக் குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், தொழிற்சாலை மேற்பார்வையாளர், மாப்பிள்ளை என்று யாரும் இதை அணிந்து கல்யாணத்துக்கும் போகலாம், சாவுக்கும் போகலாம். வான்வழித் தாக்குதல் ஒத்திகையில் காலில் பட்டி சுற்ற வேண்டும் என்பதால் கணுக்காலைப் பொத்தானால் இறுக்கும் வகைகள் ஏராளம். பெல்ட் வளையம் சாதாரணம். கடையிலும் தையற்காரரிடமும் வாங்கியது என்பதால் கிடங்கு முத்திரை இருக்க வழியே இல்லை. இதன் பக்கத்தில் 1935இல் தொடங்கிய இளைஞர் பள்ளிகளின் பயிற்சி உடையையும், 1939இல் வந்த ஊர்க்காவல், தீயணைப்புக் குழுக்களின் உடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் காக்கி, எல்லாம் இராணுவம் மாதிரி, எதுவும் இராணுவம் இல்லை.

இந்த இரண்டு பேருக்கும் இடையே தீர்ப்புச் சொல்வது துணிதான். 1930களின் இறுதியிலிருந்தே பருத்தியோடும் கம்பளியோடும் ‘சுஃபு’ என்ற செயற்கை இழையைக் கலக்க வேண்டியிருந்தது. மரக்கூழிலிருந்து எடுத்த ரேயான் அது, நனைந்தால் வலு போய்விடும். 1942 பிப்ரவரியில் துணிக்கு ரேஷன் சீட்டு வந்தது. நகரத்தில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 புள்ளி, கிராமத்தில் 80. நல்ல பருத்தி படைக்குப் போனது, குடிமகனுக்கு சுஃபு மிஞ்சியது. முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் துணி நூலாகக் கிழியாமல் பொடிந்து விழுகிறது, பளபளத்து, தொட்டால் கொஞ்சம் வழுக்குகிறது என்றால் தேசிய உடைப் பக்கம் சாயுங்கள். கெட்டியான, இறுக நெய்த ட்வில் (சாய்வரி நெசவு), உள்துணி நன்றாக இருக்கிறது என்றால் அதிகாரி. 1944, 1945 வந்ததும் இந்த வேறுபாடும் மங்கிவிடுகிறது, அப்போது படைத் துணியே மோசமாகிவிட்டது. பொத்தான்களைப் பார்த்தால் அந்த வறுமை தெரியும். உலோகத்தை எல்லாம் அரசு திரட்டிக்கொண்டுபோனதால் மரம், அழுத்திய அட்டை, சுட்ட மண் வரை பொத்தான் ஆனது. நம் கால்சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு மாதிரி இருப்பதில் எந்த மர்மமும் இல்லை. அறுந்து போயிருக்கும், வீட்டில் கிடைத்ததைத் தைத்திருப்பார்கள்.

தொடைப் பைக்கும் இங்கேதான் காரணம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். 1945 ஆகஸ்ட்டுக்குப் பிறகு படைவீரர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கிடங்குத் துணிகள் கறுப்புச் சந்தைக்கு வந்தன. சின்னம் பிடுங்கிய காக்கிதான் சில ஆண்டுகள் ஜப்பானிய ஆண்களின் அன்றாட உடை. தச்சரும் உழவரும் அதை வெட்டினார்கள், தைத்தார்கள், சாயம் போட்டார்கள், அளவுகோல் வைக்கவோ அரிவாள் செருகவோ பை வைத்தார்கள். முழு நீளக் கால்சட்டையை முழங்காலில் வெட்டி, பிறகு அது ‘வெப்பமண்டலப் படைக்கான அரைக்கால்சட்டை’ என்று விற்கப்படுவதும் இந்த வகைதான். உண்மையான அரைக்கால்சட்டைகள் இருந்தன, ஆனால் அவற்றின் கால்முனை தொழிற்கூடத் தையலில் முடிந்திருக்கும்.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் ‘ஜப்பான்காரன் காலத்து’ காக்கிக் கால்சட்டை என்று பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினால், இன்னொரு வாய்ப்பையும் பாருங்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் பெரும்பாலும் பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய காக்கியைத்தான் போட்டது. உள்ளே அகன்ற அம்புக்குறி முத்திரை தெரிந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சரக்கு. அந்தக் குடும்பத்துக்கு அதன் மதிப்பு குறையப்போவதில்லை, சீட்டில் எழுதும் பெயர்தான் மாறும்.

கடைசியாக, இன்றைய நகல். இதைச் சோதிக்க அதிக நேரம் வேண்டாம். உள்தையலிலிருந்து அரை அங்குல நூலைப் பிரித்து எரித்துப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். ஜப்பானில் பாலியெஸ்டர் சந்தைக்கு வந்தது 1958இல்தான், அந்த நூல் மூலத் தையலில் இருந்தால் பேச்சு முடிந்தது. புற ஊதா விளக்கில் வெள்ளையாக ஒளிர்வதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். பழைய துணியை யாரோ இந்தக் காலச் சலவைத் தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். தையல் நூல் மட்டும் தனியாக ஒளிர்ந்தால்தான் கவலை.

ஆக, நம் கால்சட்டைக்கு என் தீர்ப்பு இப்படி: துணி மெல்லியதாக, உள்துணி இல்லாமல் இருந்தால் தேசிய உடை. துணியும் முடிப்பும் நன்றாக இருந்தால் அதிகாரியின் சொந்தத் தையல். இரண்டிலும் தொடைப் பை போருக்குப் பிந்தியது என்று, உள்பக்கம் வேறு சொல்லாத வரை, எடுத்துக்கொள்வேன். முதலாவது என்றால் சீட்டில் எழுத வேண்டியது: “ஜப்பான், 1940கள். காக்கிப் பருத்திக் கால்சட்டை, முத்திரை இல்லை. குடிமக்கள் தேசிய உடையாக இருக்கலாம், தொடைப் பை பிற்சேர்க்கை.” பாராசூட் என்ற பேச்சே அதில் வேண்டாம், கேள்விக்குறி போட்டுக்கூட வேண்டாம். கேள்விக்குறி அடுத்த கைக்கு மாறும்போது உதிர்ந்துவிடும்.

விலை பேசும்போது, இடுப்பின் உள்பக்கம், பையின் உள்பக்கம், கணுக்கால் மடிப்பு ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். வந்தால் தேசிய உடைக்கு உரிய விலையிலிருந்து தொடங்கி, அதிகாரித் தையல் என்று தெரிந்தால் அந்த அளவுக்கு ஏறலாம். படம் அனுப்ப விற்பவர் இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள், இந்த மாதிரிக் காக்கி இன்னும் நிறைய வரும். வாங்கிவிட்டால் ஒன்று மட்டும்: தண்ணீரில் போடாதீர்கள். சுஃபு கலந்த துணி வாளியிலேயே பிரிந்துவிடும், மிச்சமிருந்த மையும் அதோடு போகும்.